லேப்டாப்பில் 38, போனில் 140: ஒரே வைஃபையில் ஏன் இந்த வித்தியாசம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 2013இல் வாங்கிய டெல் இன்ஸ்பிரான், விண்டோஸ் 10, எஸ்எஸ்டி போட்டாயிற்று. வீட்டில் 150 எம்பிபிஎஸ் ஃபைபர். ஒரே மேஜையில் வைத்துச் சோதித்தால் போனில் 140 வருகிறது, லேப்டாப்பில் 38ஐத் தாண்டவில்லை. டிரைவரைப் புதுப்பித்தீர்கள், டிஎன்எஸ் மாற்றினீர்கள், பலன் இல்லை. புது ரூட்டர் வாங்கலாமா என்கிறீர்கள். வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று கேட்டிருந்தாலும், உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது தடை எங்கே இருக்கிறது, காசை எதில் போடுவது என்பதுதான். போனில் 140 வருகிறபோது ஃபைபர் மீதும் ரூட்டர் மீதும் பழி போட முடியாது. ரூட்டர் வாங்காதீர்கள். போகிறபோக்கில் நீங்கள் சொன்ன ஒரு விவரம் போதும்: வைஃபை ஸ்டேட்டஸில் வேகம் 72 என்று காட்டுகிறது.

அந்த 72 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2009இல் வந்த 802.11என் தரத்தில் (இப்போது வைஃபை 4 என்கிறார்கள்) 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், ஒரே ஒரு ஸ்ட்ரீம் (ஓர் ஆண்டெனா வழியே போகும் தனித் தரவோடை) போனால் கிடைக்கும் உச்சம் 72.2 எம்பிபிஎஸ். சில கார்டுகள் 65 என்று காட்டும். அதுவும் இதே வகைதான். அந்தக் காலத்து விலை குறைந்த லேப்டாப்களில், வைஃபை பேசும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 2.4 மட்டும் தெரிந்த, ஒற்றை ஆண்டெனா கார்டுகளே அதிகம் இருந்தன. உங்களுடையதும் அந்த ரகம். அடுத்து, 72 என்பது காற்றில் பேசிக்கொள்ளும் வேகம், கோப்பு இறங்கும் வேகம் அல்ல. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரூட்டர் அனுப்பியதும் வந்து சேர்ந்தது என்று லேப்டாப் பதில் சொல்ல வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டு ரூட்டர் பேசினால் இரண்டும் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் போக மிஞ்சுவது பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை. 72இல் பாதி 36, அறுபது சதவீதம் 43. உங்களுக்கு வருவது 38. கார்டு பழுதாகவில்லை, தன்னால் முடிந்ததைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

டிஎன்எஸ் மாற்றியது ஏன் உதவவில்லை என்பதற்கும் இதுதான் பதில். டிஎன்எஸ் ஒரு தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரியைச் சொல்லும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. பக்கம் திறக்கத் தொடங்கும் நேரத்தில் கண்சிமிட்டும் அளவு மிச்சமாகலாம், இறங்கும் வேகம் மாறாது. விண்டோஸ் இருபது சதவீத வேகத்தைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது, அதை விடுவித்தால் நெட் பறக்கும் என்று ஒரு குறிப்பு பல வருடங்களாகச் சுற்றுகிறது. அதிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். அந்த ஒதுக்கீடு முன்னுரிமை கேட்கும் நிரல்கள் ஓடும்போது மட்டும் பொருந்துவது. யாரும் கேட்காதபோது முழு வேகமும் எல்லோருக்கும் திறந்தேதான் இருக்கிறது.

இதே கேள்வியோடு வேறு எண்களை வைத்துக்கொண்டு வருபவர்களுக்காக: விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் அடியில் ப்ரோட்டோகால், பேண்ட், லிங்க் ஸ்பீட் என்ற வரிகள் இருக்கும். விண்டோஸ் 7இல் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் வைஃபை பெயரைச் சொடுக்கினால் ஸ்டேட்டஸ் ஜன்னலில் ஸ்பீட் என்று வரும். அங்கே 54 இருந்தால் முதலில் ரூட்டரின் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்ற பழைய முறைகள் இருந்தால் 802.11என் தரத்து வேகங்கள் கிடைக்கவே கிடைக்காது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றினால் போதும், ஒரு பைசா செலவில்லை. 300 என்றால் இரண்டு ஸ்ட்ரீம், 40 மெகாஹெர்ட்ஸ். 433, 866 என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் ஏசி தரம் (802.11ஏசி, அதாவது வைஃபை 5), முறையே ஒன்றும் இரண்டும் ஸ்ட்ரீம். இவை உச்ச எண்கள். 6, 13, 26 என்று தத்தளித்தால் கார்டைக் குறை சொல்லும் முன் சிக்னலைப் பாருங்கள்: தூரமோ சுவரோ ஆண்டெனா கம்பியோ காரணமாக இருக்கும்.

கார்டில் கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒரு லேன் கேபிளை எடுத்து ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராகச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு வேகம் பாருங்கள். இந்த விலை ரக லேப்டாப்களில் ஈதர்நெட் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், அதனால் 94, 95 வந்தால் அதுவே முழு மதிப்பெண். அப்படி வந்துவிட்டால் ப்ராசஸரும் பிரவுசரும் ஆன்டிவைரஸும் அந்த அளவு வேகத்தைத் தாங்குகின்றன என்று அர்த்தம். கேபிளிலும் 50தான் வருகிறது என்றால் எந்த வைஃபை கார்டும் உங்களைக் காப்பாற்றாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி சோதியுங்கள். சிபியூ நூறைத் தொட்டால் குற்றவாளி அங்கே இருக்கிறான். லேப்டாப் ஒரே மேஜையில்தான் இருக்கும், மேஜை ரூட்டர் பக்கத்தில்தான் என்றால், இந்தச் சோதனைக் கேபிளையே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். வைஃபை பற்றிய கேள்விக்குக் கேபிள் பதில் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் காசில்லாமல் 38ஐ 94 ஆக்கும் வழி வேறு கிடையாது.

செலவில்லாத மற்ற வழிகளில் நான் இரண்டை மட்டும் சிபாரிசு செய்வேன். ஒன்று, ப்ளூடூத். இந்தக் கார்டுகளில் பல, வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே ஆண்டெனாவைப் பங்கு போடுகின்றன, இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே பேசுகின்றன. ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் வைஃபை வேகம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். ஹெட்செட்டைத் துண்டித்துவிட்டு அளந்து பாருங்கள். இரண்டாவது, பேட்டரியில் ஓடும்போது மட்டும் மந்தமாகிறது என்றால் பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸை மேக்ஸிமம் பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றுங்கள். ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தை 40 ஆக்கினால் 150 லிங்க் வரும் என்று யாராவது சொல்வார்கள். கணக்குப்படி சரி. ஆனால் கார்டு அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்ட் பட்டியலில் சேனல் விட்த் அல்லது பேண்ட்வித் என்று 2.4க்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், அக்கம்பக்கத்து ரூட்டர்களைக் கண்டதும் உங்கள் ரூட்டர் தானாகவே 20க்குத் திரும்பிவிடும். வலுக்கட்டாயமாக 40இல் நிறுத்தினால் ஒன்று, ஆறு, பதினொன்று என்ற மூன்று தனித்தனிச் சேனல்களில் இரண்டை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள். தனி வீடு, பக்கத்தில் ரூட்டர் இல்லை என்றால் செய்யலாம். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெரு என்றால் வேண்டாம்.

இனி காசு போடும் இடம். வழி இரண்டு: வெளியே யூஎஸ்பி அடாப்டர், அல்லது உள்ளே புதுக் கார்டு. எது ஆனாலும் 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்திருக்க வேண்டும். கடைகளில் நகம் அளவுக்கு ஒரு சின்ன அடாப்டர் என்150 என்று எழுதி மலிவாகத் தொங்கும். அதுவும் உங்கள் பழைய கார்டைப் போல 2.4 மட்டும், ஒரு ஸ்ட்ரீம். வாங்கினால் 38க்குப் பதில் இன்னொரு 38தான்.

யூஎஸ்பி அடாப்டரின் நல்ல குணம், லேப்டாப்பைக் கழற்ற வேண்டாம், நாளைக்கு வேறு கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம். அட்டையில் ஏசி600 என்றிருந்தால் 2.4இல் 150, 5இல் 433. இரண்டையும் கூட்டி 600 என்று விற்கிறார்கள், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். 433 லிங்க் என்றால் கையில் சுமார் 200, உங்கள் 150 பிளானுக்கு இதுவே போதும். ஏசி1200, ஏசி1300 என்றால் 5இல் 867. அதை யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் போர்ட்டின் 480 உச்சவரம்பே கழுத்தைப் பிடிக்கும், நடைமுறையில் 300ஐ ஒட்டி நின்றுவிடும். உங்கள் லேப்டாப்பில் உள்ளே நீல நிறமாக இருக்கும் போர்ட் இருந்தால் அது பெரும்பாலும் யூஎஸ்பி 3.0, அங்கே செருகுங்கள். அந்த யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் 2012இல் இதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுவது இதனால்தான். அடாப்டர் 5இல் இணைந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அரை மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் அடாப்டரை மேஜைமேல் நிறுத்தி வைப்பது எப்போதும் நல்லது, லேப்டாப்பின் உடம்பே சிக்னலை மறைக்காமல் இருக்கும்.

செருகிய பிறகு பலர் தவறும் இடம் இது. சில அடாப்டர்கள் முதலில் சிடி டிரைவ் போலத் தோன்றும். உள்ளே இருக்கும் டிரைவரை நிறுவினால்தான் வைஃபையாக மாறும். நிறுவியதும் டிவைஸ் மேனேஜரில் பழைய உள் கார்டை டிஸேபிள் செய்யுங்கள். செய்யாவிட்டால் விண்டோஸ் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும், நீங்கள் புது அடாப்டர் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். லினக்ஸ் போட்டிருப்பவர்கள் பெட்டி மீதிருக்கும் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சிப் எது என்று கேளுங்கள். மீடியாடெக் எம்டி7612யூ என்றால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. ரியல்டெக் சிப் என்றால் எந்த மாடல், உங்கள் கெர்னல் எந்தப் பதிப்பு என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கழற்றத் தயங்காதவர் என்றால் என் ஓட்டு உள் கார்டுக்குத்தான். ஆண்டெனாக்கள் திரையைச் சுற்றி உயரத்தில் இருக்கும், போர்ட்டும் அடைபடாது. ஆனால் மூன்று விஷயங்களைக் கழற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், இன்ஸ்பிரான் என்ற பெயரை மட்டும் வைத்து யாரும் உறுதி சொல்ல முடியாது. முதலாவது, கார்டின் வடிவம். 2013 காலத்து லேப்டாப் என்றால் பெரும்பாலும் அரை அளவு மினி பிசிஐஇ: 30 மில்லிமீட்டர் அகலம், 27 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். பிறகு வந்தவற்றில் எம்.2, 22க்கு 30 மில்லிமீட்டர், ஒரே ஸ்க்ரூ. ஒன்றில் மற்றது நேராக உட்காராது, ஆண்டெனா கம்பியைக் கார்டில் மாட்டும் குமிழும் எம்.2இல் இன்னும் சிறியது. இரண்டாவது, கம்பிகளின் எண்ணிக்கை. ஒற்றை ஸ்ட்ரீம் கார்டு வந்த லேப்டாப்பில் சில சமயம் ஒரு கம்பிதான் இழுத்திருப்பார்கள், சிலவற்றில் இரண்டாவது கம்பி முனையில் உறை மாட்டி ஓரமாகச் சுருண்டு கிடக்கும். ஒன்றுதான் இருந்தால் ஒட்டும் வகை ஆண்டெனா வாங்கி உள்ளே பிளாஸ்டிக் பகுதியில் ஒட்டலாம். உலோகத் தகட்டின் மேல் ஒட்டினால் வேலை செய்யாது. இருக்கும் ஆண்டெனாவே 2.4க்கு மட்டும் அமைத்ததாக இருந்தால் 5இல் கார்டு ஓடும், தூரம் குறையும்.

மூன்றாவது, பயாஸ் (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் உள் நிரல்) அனுமதிக்கிறதா என்பது. அந்தக் காலத்து லெனோவா திங்க்பேட், ஹெச்பி லேப்டாப்களில் பயாஸுக்குள் அனுமதித்த கார்டுகளின் பட்டியல் ஒன்று உண்டு. பட்டியலில் இல்லாததைப் போட்டால் லெனோவாவில் 1802, ஹெச்பியில் 104 என்ற எண்ணோடு பிழைச் செய்தி வந்து நின்றுவிடும். கார்டைக் கழற்றினால் பழையபடி ஓடும், சேதம் எதுவும் இல்லை, காசுதான் வீண். டெல்லில் பொதுவாக இந்தப் பூட்டு கிடையாது. அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். பூட்டு உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்கள் யூஎஸ்பி பக்கமே போங்கள். பயாஸை உடைத்து மாற்றும் வேலை, தவறினால் மதர்போர்டையே பலி வாங்கும்.

மினி பிசிஐஇ இடத்துக்குப் பொருத்தமான கார்டு இன்டெல் 7260 ஏசி. இரண்டு ஸ்ட்ரீம், 867, ப்ளூடூத் 4.0, விண்டோஸ் 7 முதல் 10 வரை டிரைவர் உண்டு. வாங்கும்போது ஸ்டிக்கரை உற்றுப் பாருங்கள். 7260 என்ற எண்ணுக்குப் பின்னால் ஏஎன் என்றிருந்தால் ஏசி தரம் கிடையாது, 5 உண்டு. பிஎன் என்றிருந்தால் 2.4 மட்டும், அதாவது உங்களுக்கு வேண்டாதது. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வைஃபை 6 வேண்டுமென்றால் இன்டெல் ஏஎக்ஸ்200ஐ மினி பிசிஐஇ பலகையில் பொருத்தி விற்கிறார்கள். அதற்கு 64 பிட் விண்டோஸ் 10 கட்டாயம், விண்டோஸ் 7 டிரைவர் இல்லை. அதன் ப்ளூடூத் பகுதி அந்த இடத்துக்கு வரும் யூஎஸ்பி இணைப்பு வழியாக ஓடுவது. உங்கள் போர்டில் அந்த இணைப்பு இல்லையென்றால் வைஃபை வரும், ப்ளூடூத் வராது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211, 9560 ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அவை பாதி வேலையைப் புதுத் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் பக்கமே விட்டுவிடும் அரைக் கார்டுகள், பழைய லேப்டாப்பில் உயிரே வராது. 150 எம்பிபிஎஸ் பிளானுக்கு வைஃபை 6 தேவையா என்றால், தேவையில்லை. 7260 போதும்.

மாற்றும் முறை எளிது. அவசரப்படுவதுதான் ஆபத்து. முதலில் புதுக் கார்டின் டிரைவரைப் பென்டிரைவில் இறக்கி வையுங்கள், மாற்றிய பிறகு நெட் இருக்காது. லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மூடியைத் திறந்ததும் கம்பிகள் எந்தக் குமிழில் எந்த நிறம் என்று போனில் ஒரு படம் எடுங்கள். டெல்லில் வழக்கமாக வெள்ளை மெயின், கறுப்பு துணை. கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். குமிழுக்கு அடியில் நகத்தையோ பிளாஸ்டிக் நெம்பியையோ கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். ஸ்க்ரூவைக் கழற்றியதும் கார்டு தானே சாய்வாக எழும்பும், அதே சாய்வில் இழுங்கள், புதியதை அதே சாய்வில் செருகி அழுத்தி ஸ்க்ரூ போடுங்கள். கடைசியில் குமிழ்களைக் குறி பார்த்து மேலிருந்து அழுத்தினால் ஒரு சின்னச் சொடுக்கு கேட்கும். இந்த வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சொடுக்கு விழாமல் குமிழ் மேலே உட்கார்ந்திருந்தால் நெட்வொர்க் தெரியும், சிக்னல் ஒரு கோடு காட்டும், கார்டு டூப்ளிகேட் என்று தோன்றும். கோணலாக அழுத்தினால் குமிழ் நசுங்கும், அப்புறம் கம்பியையே மாற்ற வேண்டிவரும்.

புதுக் கார்டு வந்ததும் ரூட்டரிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் பழக்கதோஷத்தில் 2.4ஐப் பிடிக்கக்கூடும், 5க்குத் தனிப் பெயர் கொடுத்து அதிலேயே இணையுங்கள். சேனல் அகலம் 80. சேனலை 36இலிருந்து 48க்குள் வையுங்கள். 52இலிருந்து 144 வரையுள்ளவை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள், ரேடார் இருப்பதாகத் தோன்றினால் ரூட்டர் திடீரென்று இடம் மாறும், இணைப்பு அறுந்து வரும். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய கார்டுகள் பல இணையாது, டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறையை வையுங்கள். ரூட்டர் வைஃபை 6 என்றால் இன்னொரு கோளாறும் வரலாம்: பழைய டிரைவரோடு இருக்கும் 7260க்கு அந்த நெட்வொர்க் பட்டியலிலேயே தெரியாது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவருக்குப் பயந்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் லிங்க் பாதிக்குக் கீழே போவது இயல்பு. ஃபைபர் போட வந்தவர் கேபிள் நுழைந்த மூலையிலேயே, டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோ மேலேயோ ரூட்டரை வைத்துவிட்டுப் போயிருந்தால் அதை வெளியே எடுங்கள். கடைசி அறைக்கு எட்டவில்லை என்றால் ஒரே ரேடியோவில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் மலிவு ரிப்பீட்டர் வேண்டாம், வேகம் பாதியாகும். லேன் கேபிள் இழுத்து அந்தப் பக்கம் ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் கருவி) வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ரூட்டர் இருக்கும் அறையிலேயே அதே லிங்க் ஸ்பீட் வரியைப் பாருங்கள். 866 காட்டினால் வேலை முடிந்தது. உங்கள் பிளானின் 150 முழுதாக வரும். 433இலேயே நின்றால் இரண்டாவது கம்பியின் சொடுக்கு விழவில்லை, மூடியை மறுபடி திறங்கள். 400 காட்டினால் ரூட்டரில் சேனல் அகலம் 80க்குப் பதில் 40இல் இருக்கலாம். 300 என்றால் உங்கள் கையில் வந்தது ஏஎன் கார்டாக இருக்கலாம். 144 என்றால் இன்னும் 2.4இல்தான் இருக்கிறீர்கள்.